அந்தத் தோடு எங்கே போனது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வயது 43. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறார். கத்தோலிக்கக் குடும்பம். ஆறு வருடத்தில் 19 சிறுகதைகள் எழுதியிருக்கிறார். கோயில் இதழான பங்கு மலரில் ஏழு கதைகள் வந்திருக்கின்றன. வெளிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியவை எல்லாம் திரும்பிவிட்டன. ஓர் உதவி ஆசிரியர் மட்டும், "நன்றாகத் தொடங்குகிறது, கடைசியில் பிரசங்கமாகிவிடுகிறது" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார்.

இப்போது ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. நகரத்தார் வீடு ஒன்றின் பின்பக்கச் சமையல் பகுதியான மூன்றாம் கட்டில் மாவு இடித்தே காலம் கழித்த அப்பத்தா, குடிப்பழக்கத்தில் விழுந்த ஒரு பங்குச்சாமி, கன்னியர் மடத்திலிருந்து திரும்பி வந்த சித்தி ஆகிய மூவரும் அதில் வருகிறார்கள். கேள்விகள் பல. பூசை, செபமாலையை எல்லாம் எடுத்துவிட்டால்தான் வெளியே பிரசுரிப்பார்களா? குடிக்கிற சாமியாரை எழுதுவது பாவமா, ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டுமா? சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனக் காட்சி எழுதலாமா? சித்தியை எழுதினால் வழக்கு வரும் என்கிறார் கொழுந்தன். ஒரு பதிப்பாளர் 65,000 ரூபாய் கேட்கிறார். இதற்கு நடுவே அன்பியம் என்கிற பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் ஒருவர், "கதை எழுதுவது பொய் சொல்வதுதானே?" என்று கேட்டது இவர் மனதில் முள்ளாகத் தைத்திருக்கிறது. கடிதத்தோடு ஒரு கதையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

27 வருடமாக மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஞாயிறு பூசைக்குப் போகிறவன்தான் நானும். அதனால் உங்கள் சிக்கலை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க முடிகிறது.

முள்ளை முதலில் எடுத்துவிடுவோம். கேட்கிறவரை ஏமாற்றச் சொல்வது பொய். கதை என்று தெரிந்தே கேட்கிறவருக்குச் சொல்வது கதை. நம் ஆண்டவர் சொன்ன ஊதாரி மகன் எந்தக் கிராமத்துப் பிறப்புப் பதிவேட்டிலும் இருந்தவனில்லை. போப் பிரான்சிஸ் 2024 ஜூலை 17 தேதியிட்டு, இலக்கியம் வாசிப்பது பற்றியே ஒரு கடிதம் எழுதினார். குருமாணவர்களுக்கென்று எழுத நினைத்ததை எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் என்று விரித்ததாக அதில் சொல்கிறார். இளம் வயதில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரத்தில் ஒரு சேசு சபைப் பள்ளியில் இலக்கியப் பாடம் நடத்தியவர் அவர். அன்பியத்தில் மறுபடி அந்தக் கேள்வி வந்தால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் கவனிக்காத ஒன்று. உங்கள் கதையைவிடக் கடிதம் நன்றாக இருக்கிறது. பட்டறையைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றும்போது பூ கவிழ்ந்து கிடக்கும். மேலே சிமெண்டு போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கண்ணாடியைப் பிரித்த பிறகுதான் அன்றைக்குக் கை நடுங்கியதா இல்லையா என்று தெரியும் என்பார் எங்கள் பெரியவர்." இதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் நிறுத்திவிட்டேன். நீங்கள் அனுப்பிய கதையில் இப்படி ஒரு வரிகூட இல்லை. கதை என்று உட்கார்ந்ததும் உங்கள் கண் மூடிக்கொள்கிறது, பிரசங்க மேடைக் குரல் வந்துவிடுகிறது. நீங்கள் விசுவாசம் உள்ளவர் என்பதால் கதை கெடவில்லை. கண்ணால் பார்த்ததை நம்பாமல், நல்ல கருத்தை மட்டும் நம்புகிறீர்கள். அங்கேதான் கெடுகிறது.

கடைசிப் பக்கத்து மனமாற்றம்

நீங்கள் அனுப்பிய கதையில் அந்தோணி தன் அம்மாவின் தோட்டைக் கழற்றிக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டுத் திருப்பூருக்கு ஓடுகிறான். நான்கு வருடம் கழித்துக் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குத் திரும்புகிறான். நல்ல கதைதான். நீங்கள் முடித்திருப்பது இப்படி:

"இறைவனின் அளவற்ற அன்பை உணர்ந்த அந்தோணி கதறி அழுதான். அவன் உள்ளம் மன்னிப்பின் ஒளியால் நிறைந்தது. குடிலில் பாலன் இயேசு அவனைப் பார்த்துப் புன்னகைத்தார்."

மூன்று வாக்கியங்களும் அறிவிப்புகள். அந்தோணி எதைப் பார்த்து உணர்ந்தான்? தெரியவில்லை. நான் பென்சிலால் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: அந்தத் தோடு எங்கே? இரண்டாம் பக்கத்தில் அடகுக் கடைக்குப் போன தோடு கதைக்குள் திரும்ப வரவேயில்லை. அம்மாவுக்கு அந்த நான்கு வருடமும் காது இருந்ததே! தூர்ந்துவிடக் கூடாது என்று நம் ஊர்ப் பெண்கள் துளையில் என்ன செருகிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இப்படி ஆகலாம்:

"சமாதானம் சொல்லச் சொன்னார் சாமியார். அந்தோணி கை குவித்துக்கொண்டு திரும்பினான். அம்மாவின் காதில் துடைப்பக் குச்சி இருந்தது."

இதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இன்னும் நல்லது உங்களுக்கு வரும். வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். இங்கே யாரும் அழவில்லை, ஒளி எதுவும் வரவில்லை. அவன் செய்தது அவன் கண் முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் அந்தச் சடங்கு எதற்காக வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த வேலையை அந்தக் குச்சி செய்துவிடுகிறது.

நம் மறைக்கல்வியில் என்ன படித்தோம்? அருட்சாதனம் என்றால் காணக்கூடிய அடையாளம். தண்ணீர், எண்ணெய், அப்பம், ரசம். பெரும்பாலும் கையில் படுகிற, நாக்கில் படுகிற ஒன்றைக் கொண்டுதான் திருச்சபை அருளைக் கொடுக்கிறது. கதையில் மட்டும் ஏன் "ஒளி", "அன்பு", "உள்ளம்" என்று ஆவியாக மிதக்க விடுகிறீர்கள்? ஒரு பொருளைக் கொடுங்கள். அது கதை முழுக்கக் கைமாறட்டும்.

இன்னொன்று. அருள் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாது என்பதும் நம் விசுவாசம்தான். மனிதனுக்கு மறுக்கும் உரிமை உண்டு. உங்கள் அந்தோணிக்கு அந்த உரிமை இல்லை, கடைசிப் பக்கத்தில் அவன் அழுதே ஆகவேண்டும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. வாசகர் அதை இரண்டாம் பத்தியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். ஊதாரி மகன் கதை வரும் லூக்கா 15-ஐ எடுத்து மறுபடி படியுங்கள். இளைய மகன் வந்துவிட்டான், விருந்து நடக்கிறது. மூத்தவன் கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கிறான், அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். அப்புறம்? அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் கதையில் வரும் அம்மா அந்தோணியின் பக்கம் திரும்பினாரா இல்லையா என்பதை நீங்களும் அப்படி விட்டுவிடலாம்.

கத்தோலிக்க வாசம் வந்தால் படிக்க மாட்டார்களா?

மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. தமிழின் முதல் நாவல் என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, 1879-இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரம், அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். முன்சீப் வேலை பார்த்தவர். தமிழ் நாவல் தொடங்கியதே நம் வீட்டு ஆள் ஒருவரிடமிருந்துதான், நீங்கள் வாடகைக்கு வந்தவரில்லை. (அவரிடமும் போதனை நிறைய உண்டு. அது அந்தக் காலத்து வாசகரோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு. உங்கள் வாசகர் வேறு.) உங்கள் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் இயேசு காவியம் எழுதினார். அதைப் படிக்க யாரும் ஞானஸ்நானம் வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பூசையை எடுக்காதீர்கள். எடுக்க வேண்டியது வேறு. நன்மை, கெபி, சப்பரம், கோயில்பிள்ளை என்று நம் கோயில் சொற்களை எழுதிய இடத்திலெல்லாம் அடைப்புக்குறி போட்டு விளக்கம் கொடுத்திருக்கிறீர்களே, அதை எடுங்கள். உங்கள் அப்பத்தா யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு முழங்காலில் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு தீப்பெட்டிக்குள் ஓரியூர்ச் செம்மண் இருக்கும், வேதசாட்சியான அருளானந்தர் சாமியார் 1693-இல் வெட்டுப்பட்ட இடத்து மண். பரீட்சைக்குப் போகும்போது அம்மா அதைத் தொட்டு நெற்றியில் வைப்பார். இதைக் கதையில் எழுதினால் வரலாறு சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டியைத் திறக்கும் அம்மாவின் விரலைக் காட்டினால் போதும், எந்த மதத்து வாசகருக்கும் அது என்ன என்று புரிந்துவிடும்.

உங்கள் நாவலின் உண்மையான செல்வம் மூன்றாம் கட்டில் இருக்கிறது. நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு மார்கழியில் வரும், கிறிஸ்துமஸும் அதை ஒட்டித்தான். வீட்டின் உள்பகுதியான வளவுக்குள் ஆச்சிமார்கள் 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கும் முந்தைய நாள்களில் மாவு இடித்துக் கை காய்த்துப்போன உங்கள் அப்பத்தா எங்கே நின்றார்? கதவுக்கு அந்தப் பக்கமா? பார்த்தாரா, பார்க்காதது மாதிரி இருந்தாரா? ஞாயிற்றுக்கிழமை நாக்கில் நன்மை, அதாவது பூசை அப்பம், வாங்கும் அதே ஆள், இன்னொருவர் நெருப்பை விழுங்குவதைப் பார்த்தால் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்? "அவர்கள் வீட்டு முகப்பை அப்பத்தா பார்த்ததேயில்லை" என்று கடிதத்தில் எழுதிவிட்டு, நாவலின் முதல் அத்தியாயத்தில் "ஆச்சி அப்பத்தாவைத் தன் சொந்தச் சகோதரியாக நடத்தினார்" என்கிறீர்கள். இதில் எது நிஜம்? ஆச்சி நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அந்த நல்ல மனசுக்கும் ஒரு நிலைப்படி இருந்தது. அந்த நிலைப்படியை எழுதாமல் நாவல் நகராது. அப்பத்தா கோயிலில் எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்கிற சாமியார்

அனுமதி பற்றி முதலில். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி விவிலியப் பதிப்பு, மறைக்கல்வி நூல், செபப் புத்தகம், வகுப்பில் பாடமாக வைக்கும் இறையியல் நூல் போன்றவற்றுக்குத்தான் முன்அனுமதி கட்டாயம். நாவலுக்குக் கிடையாது. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் என்று ஒன்று முன்பு இருந்தது, 1966-இலேயே அதன் சட்ட வலு முடிந்தது. மறையைப் பற்றிப் பேசும் புத்தகங்களைக் கோயிலுக்குள் வைத்து விற்பதற்கு விதி உண்டு என்பதால், திருவிழாவில் மேசை போடும் எண்ணம் இருந்தால் மட்டும் பங்குச்சாமியிடம் கேட்டுவிடுங்கள்.

பாவமா? குடிகாரக் குரு ஒருவரைக் கதாநாயகனாக வைத்து கிரகாம் கிரீன் என்ற கத்தோலிக்க எழுத்தாளர் 1940-இல் ஒரு நாவல் வெளியிட்டார். 1950-களில் ரோமையிலிருந்து கண்டனம் வந்தது. 1965-இல் போப் ஆறாம் பவுல் அவரை நேரில் சந்தித்தபோது, அந்த நாவலைப் படித்திருப்பதாகச் சொல்லி, சிலர் மனம் புண்படத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குக் கவலை வேறு. அனுப்பிய அத்தியாயச் சுருக்கத்தில் அந்தச் சாமியார் முதல் பாதியில் வெறும் குடிகாரர், கடைசியில் வெறும் புனிதர். இரண்டிலும் ஆள் இல்லை. பாட்டில் யார் மூலமாக வருகிறது? காலைப் பூசைக்கு உடை மாட்டிவிடும் கோயில்பிள்ளைக்கு வாடை தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? ஒருநாள் சாகக் கிடக்கிறவருக்கு அவஸ்தை பூச அழைக்க ஆள் வந்து ராத்திரி கதவைத் தட்டினால் அவர் எழுந்து போவாரா?

இங்கே ஒரு கத்தோலிக்கர் மட்டுமே உள்ளிருந்து பார்க்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. குரு எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவர் நிறைவேற்றும் திருப்பலி செல்லும் என்பது நம் திருச்சபையின் போதனை. பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார் காலத்தில் பெரிய சண்டை நடந்து நிலைத்த விஷயம் இது. அப்படியானால் நடுங்கும் கையில் அந்த அப்பம் உயரும்போது, முழங்காலில் இருக்கும் உங்கள் அப்பத்தா கையைப் பார்க்கிறாரா, அப்பத்தைப் பார்க்கிறாரா? நாவலின் நெஞ்சு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டறைப் பெரியவரின் நடுங்கும் கையைப் பற்றி அந்த வரியை எழுதியவருக்கு இதையும் எழுத வரும்.

பாவசங்கீர்த்தன முத்திரை, அதாவது கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி, குருவைக் கட்டுப்படுத்துவது. அங்கே சொல்லப்பட்டது தற்செயலாகக் காதில் விழுந்த மற்றவர்களும் அதை வெளியே சொல்லக் கூடாது. உங்கள் சொந்தப் பாவத்தைச் சொல்ல உங்களுக்குத் தடையில்லை, கற்பனைக் காட்சிக்கும் தடையில்லை. ஆனாலும் என் யோசனை, உள்ளே போகாதீர்கள். வரிசையில் அடுத்து நிற்கிறவரின் கண்ணால் எழுதுங்கள். முழங்காலில் இருக்கிறவரின் செருப்பில்லாத பாதம் தெரியும், வார்த்தை கேட்காது. ஒருவர் வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளே இருந்தால் வரிசையே அமைதியாகிவிடும், பார்த்திருப்பீர்கள்.

சித்தி, கொழுந்தன், வழக்கு

நான் வழக்கறிஞர் இல்லை. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்த அளவில், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே தீய எண்ணத்தோடு செய்தால்தான் குற்றம் என்கிறது. உங்கள் நாவலில் அந்த எண்ணம் துளியும் இல்லை. 356-ஆம் பிரிவு அவதூறு பற்றியது. இதில்தான் எச்சரிக்கை வேண்டும். "யாவும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். படிக்கிறவர் இன்னார்தான் என்று அடையாளம் கண்டுகொண்டால் அந்த வரி முழுப் பாதுகாப்பு ஆகாது. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், உயிரோடிருந்தால் அவர் பெயருக்குக் கேடு என்கிற மாதிரி, குடும்பத்தார் மனதைப் புண்படுத்தவே எழுதியிருந்தால் அவதூறாகலாம். ஆகவே நிஜத்தில் ஒரு சாமியார் உங்கள் மனதில் இருந்தால், பெயரை மாற்றினால் மட்டும் போதாது. இரண்டு மூன்று பேரைக் கரைத்து ஒருவராக்குங்கள். காலத்தையும் ஊரையும் நடந்த சம்பவத்தையும் மாற்றுங்கள். கதைக்கும் அது நல்லது. நிஜ ஆள் கையைக் கட்டிப்போடுவார், கரைத்துச் செய்தவர் நடமாடுவார்.

சித்தி விஷயம் சட்டத்துக்கு முன்னால் உறவு. மடத்திலிருந்து திரும்பியதைப் பற்றி 30 வருடமாக அவர் யாரிடமும் பேசியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேட்காமல் அந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். எழுதுவதற்கு அனுமதி வேண்டாம், எழுதி முடியுங்கள். முடித்த பிறகு பக்கங்களை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் வேண்டாம். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அந்த அத்தியாயம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

65,000 ரூபாய்

கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. முடியாத நாவலுக்கு முன்பணம் கேட்கிறவர் பதிப்பாளர் வேலை செய்யவில்லை, அச்சகக்காரர் வேலை செய்கிறார். சொந்தச் செலவில் போடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை பிரதி, யார் திருத்துவது, விற்காதது யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் தெரிந்து செய்ய வேண்டும். எழுதிய நிமிடத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டிய கட்டாயமில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்து மூலம், உங்கள் கையெழுத்தோடுதான் செல்லும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாவலை இரண்டு மாதம் ஓரமாக வையுங்கள். முதலில் அந்தோணி கதையைத் தோட்டிலிருந்து மறுபடி எழுதுங்கள். "அன்பு", "மன்னிப்பு", "இறைவன்" என்ற மூன்று சொற்களும் கதை சொல்கிறவர் வாயில் வரக் கூடாது, பாத்திரங்கள் பேசினால் பேசட்டும். முடித்ததும் சத்தமாக வாசித்துப் பாருங்கள், வீட்டில் யாராவது கேட்டால் நல்லது. எந்த வரியில் உங்கள் குரல் தானாகவே ஞாயிறு வாசகம் படிக்கிற ராகத்துக்குப் போகிறதோ, அந்த வரியில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் பட்டறையை வைத்து ஒரு கதை, கோயில் வரவே வராத கதை. கண்ணாடியைப் பிரிக்கிற காலை நேரம், பெரியவர், கணக்கு நோட்டோடு நீங்கள்.

இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். அடகுச் சீட்டு அம்மாவிடம் இருக்கிறதா, அந்தோணியிடம் இருக்கிறதா என்று முடிவு செய்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.